சிமுலேட்டர் விளையாடக் கணினி: கோர்களை எண்ணுவதற்கு முன்

என் தம்பி மகன் சென்ற ஆண்டு போனஸ் பணம் கைக்கு வந்த வாரமே ஒரு கணினியை வாங்கிவிட்டான். வாங்கிய பிறகுதான் என் நினைவு வந்திருக்கிறது. பினாங்குத் தீவின் ரெலாவில் எங்கள் அடுக்குமாடியில் அன்று லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பது மாடியும் பெட்டியைச் சுமந்து ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "அத்தை, 14 கோர், 28 த்ரெட். எல்லாம் சேர்த்து 1,150 ரிங்கிட் வெள்ளிதான்" என்றான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மேசைமேல் வைத்து விமான சிமுலேட்டரைத் திறந்தோம். தெற்கே கடல் பக்கமிருந்து வந்து பினாங்கு விமான நிலையத்தின் 04-ஆம் ஓடுபாதையில் இறங்குவதாகத் திட்டம். தரை நெருங்க நெருங்கப் படம் விக்கத் தொடங்கியது. நொடிக்கு 21 பிரேம், அதாவது 21 படம்தான், பிறகு 17, மறுபடி 20. சக்கரம் தரையைத் தொட்டதை நாங்கள் பார்க்கவே இல்லை. காற்றில் இருந்தோம், அடுத்த கணம் ஓடுபாதைக்கு வெளியே புல்வெளியில் இருந்தோம்.

அவனைத் திட்டிப் பயனில்லை. செயலி என்ற கணக்குப் போடும் சிப்புக்குள் எத்தனை கோர்கள், அதாவது எத்தனை வேலையாட்கள், என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த எண்ணை நம்பினான், அவ்வளவுதான். அந்த எண் எங்கே உதவும், எங்கே உதவாது என்று அன்று இரவு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 27 ஆண்டுகள் சிப் பரிசோதனை லைனில் வேலை பார்த்தவள். எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே வேண்டாம். இன்டெல் 1972-இல் இந்தத் தீவுக்கு வந்தது, ஏஎம்டியும் அதே எழுபதுகளில் வந்தது. எங்கள் தலைமுறைப் பெண்களில் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்காதவர்கள் குறைவு. பழைய செயலி ஒன்று கையில் கிடைத்தால் அதன் உலோக மூடியைப் பாருங்கள். 'மலாய்' என்றோ 'மேட் இன் மலேசியா' என்றோ பொடி எழுத்தில் பல சமயம் பொறித்திருக்கும். ஓய்வுபெற்ற பிறகு மூட்டுவலியோடு உட்கார்ந்து என்ன செய்வது என்று விமான சிமுலேட்டரைப் பிடித்துக்கொண்டேன். இதுவரை ஒரு விமானத்தைக்கூட முழுதாகக் கடலில் விட்டதில்லை.

கோர் என்ற எண்ணுக்கு என்ன பொருள்

லைனில் சிப்புகள் தட்டுத் தட்டாக வரும். இயந்திரக் கை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கெட்டில் வைத்து அழுத்தும். சூடேற்றி, மின்சாரம் கொடுத்து, கேள்விமேல் கேள்வி கேட்கும். பதிலைப் பொறுத்து ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு பின்னுக்குப் போகும். பின் என்றால் தரம் பிரிக்கும் தட்டு. இந்தத் தொழிலில் ஒரு கோர் பழுதானால் முழுச் சிப்பையும் குப்பையில் போடுவதில்லை. பழுதான கோரை மூடிவிட்டு, கோர் எண்ணிக்கை குறைந்த இன்னொரு மாடலாக விற்பார்கள். தேவை அதிகமானால் நல்ல கோரையே மூடுவதும் உண்டு. ரைசன் 5 5600எக்ஸ் என்ற ஆறு கோர் செயலியின் சில்லில் எட்டு கோர்கள் இருக்கின்றன, இரண்டு மூடிக் கிடக்கின்றன.

ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் எண் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. ஒவ்வொருவருடைய கை எவ்வளவு வேகம் என்பதைச் சொல்வதில்லை. த்ரெட், அதாவது இழை என்ற எண் இன்னும் குழப்பும். ஒரே கோர் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைக் கையில் வைத்துக்கொள்வதால் இரண்டாகக் கணக்கில் வருகிறது, கை என்னவோ ஒரு ஜோடிதான்.

ஏன் இப்படி எண்ணிக்கையைக் கூட்டினார்கள்? 2004 வாக்கில் செயலியின் வேகத்தை இனி ஏற்றினால் சூடு தாங்காது என்ற நிலை வந்தது. இன்டெல் தன் பென்டியம் 4-ஐ 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுவந்துவிட்டு, 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த ஆண்டே இரண்டு கோர் செயலிகள் கடைக்கு வந்தன. ஒரு கையை வேகப்படுத்த முடியாதபோது கைகளைக் கூட்டினார்கள். கைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது விளையாட்டை எழுதுபவர்களின் தலைவலியாகிவிட்டது.

அந்தத் தலைவலியைப் புரிந்துகொள்ள நம் ஊரில் நாசி கண்டார் சோற்றுக் கடை வரிசையில் நின்றால் போதும். சோறு போட ஒருவர், முட்டை வெட்ட ஒருவர், தண்ணீர் கலக்க இருவர், மேசை துடைக்க மூவர். ஆனால் குழம்புகளைக் கலந்து ஊற்றுபவர் ஒரே ஒருவர்தான். மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் அரைக் கரண்டி, கடைசியில் கறுப்புக் குழம்பு கொஞ்சம். அந்தக் கணக்கு அவர் கையில் மட்டும் இருக்கிறது. வரிசைக்கு 16 நிமிட வேலை என்று வையுங்கள். அதில் 4 நிமிடம் குழம்புக்காரருடையது, மீதி 12 நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளலாம். நான்கு உதவியாளர்கள் இருந்தால் 4-உம் 3-உம் சேர்த்து 7 நிமிடம். பன்னிரண்டு பேர் இருந்தால் 5 நிமிடம். ஊரையே கூட்டி வந்து நிறுத்தினாலும் 4 நிமிடத்துக்குக் கீழே வராது. ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967-இல் சொன்னது இதைத்தான். அவர் பெயரிலேயே அதை ஒரு விதி என்கிறார்கள்.

சிமுலேட்டர் விளையாட்டுகளில் அந்தக் குழம்புக்காரருக்கு முதன்மை இழை என்று பெயர். விமானம் எங்கே இருக்கிறது, காற்று எப்படித் தள்ளுகிறது, நீங்கள் எந்த விசையைத் தட்டினீர்கள் என்று எல்லாம் அவர் கையைக் கடந்துதான் போக வேண்டும். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒரு பிரேமுக்கு அவருக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 30 பிரேம் போதும் என்றால் 33.3. அதற்குள் முடிக்கவில்லை என்றால் மற்ற 13 கோர்களும் கை கட்டி நிற்கும்.

தம்பி மகன் வாங்கி வந்தது இன்டெல் ஜியான் இ5-2680 வி4. 2016-இல் சர்வர்களுக்காக வந்த செயலி. அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், முட்டி மோதினால் 3.3. நிறுவனங்கள் கழித்துக் கட்டிய சர்வர்களிலிருந்து எடுத்து, புதுத் தாய்ப்பலகையில் (மதர்போர்டு) பொருத்தி விற்கிறார்கள். மோசமான சிப் இல்லை. ஒரே சமயத்தில் நூறு பேருக்குப் பதில் சொல்லப் பிறந்ததை, ஒருவர் அவசரத்துக்கு ஓடச் சொன்னால் அது எப்படி ஓடும்?

முதல் வேலை: உங்கள் விளையாட்டு எந்த வகை என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன், என்ன விளையாடப் போகிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். 'எல்லாம் விளையாடுவேன்' என்று சொல்பவர்களிடம்தான் கடைக்காரர் மீந்துபோனதைத் தள்ளிவிடுவார்.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 போன்ற லாரி, பஸ் ஓட்டும் விளையாட்டுகள் ஒரு வகை. 2012-இல் வந்த இது இன்றும் பெரும்பகுதிச் சுமையை ஒரே கோரின் தலையில்தான் ஏற்றுகிறது. விமான சிமுலேட்டர்கள் பல கோர்களைத் தொடுகின்றன என்றாலும், பெரிய விமான நிலையத்துக்கு மேலே வந்ததும் குழம்புக்காரரிடம்தான் மாட்டிக்கொள்கின்றன. இவற்றுக்கு ஒற்றைக் கோரின் வேகம் முக்கியம். ஆறு கோர் இருந்தால் தாராளம்.

நகரம் கட்டும் விளையாட்டு வேறு. 2015-இல் வந்த முதல் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் ஒரே சமயத்தில் தெருவில் ஓடக்கூடிய வண்டிகளுக்கு 16,384 என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அதற்குமேல் நகரம் வளர்ந்தால் வண்டிகள் வெளியே வராமல் காத்திருக்கும். 2023 அக்டோபரில் வந்த இரண்டாம் பாகத்தை, ஒவ்வொரு குடிமகனின் பயணத்தையும் துண்டு துண்டாக்கிப் பல கோர்களுக்குப் பங்கிடும் முறையில் எழுதியிருக்கிறார்கள். இங்கே கோர் எண்ணிக்கைக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு.

மூன்றாவதாக, ஃபேக்டோரியோ போலத் தொழிற்சாலை கட்டும் விளையாட்டு. அதில் நொடிக்கு 60 முறை முழுத் தொழிற்சாலையையும் கணக்கெடுக்க வேண்டும். கணக்குச் சிறியதுதான், ஆனால் லட்சக்கணக்கான பொருள்களின் நிலவரத்தை நினைவகத்திலிருந்து எடுத்து எடுத்து வைக்க வேண்டும். செயலி கணக்குப் போடும் நேரத்தைவிடத் தரவு வரக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். இங்கே கேச் என்ற உள்நினைவகம் பெரியதாக இருப்பவன்தான் ராஜா. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி 2022-இல் வந்தபோது, அதன் உடன்பிறப்பான 5800எக்ஸைவிட வேகம் குறைவு: 4.7-க்குப் பதில் 4.5 கிகாஹெர்ட்ஸ். இரண்டிலும் எட்டு கோர்கள்தான். ஆனால் எல்3 கேச் 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி. ஃபேக்டோரியோவிலும் விமான சிமுலேட்டரிலும் குறைந்த வேகச் சிப்தான் முந்தியது. பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்கள் 3டி என்று முடியும் சிப்பையே தேடுவதற்கு இதுதான் காரணம்.

குறைந்தபட்சத் தேவைப் பட்டியலை வாசிப்பது எப்படி

விளையாட்டை விற்கும் பக்கத்தில் கீழே 'குறைந்தபட்சம்', 'பரிந்துரை' என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். குறைந்தபட்சம் என்பது வீட்டு வாசல் திறக்கும் என்பதற்கான உறுதி மட்டும்தான், உள்ளே நடமாட இடம் இருக்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது. எந்தத் தெளிவில், நொடிக்கு எத்தனை பிரேம், எவ்வளவு பெரிய நகரத்தில் என்பதைப் பெரும்பாலான பட்டியல்கள் சொல்வதே இல்லை.

சிமுலேட்டர்களில் இது இரட்டிப்பு ஏமாற்றம். சண்டை விளையாட்டு முதல் நாளும் நூறாவது நாளும் ஏறத்தாழ ஒரே சுமைதான். நகரம் அப்படி இல்லை. முதல் நாள் இரண்டாயிரம் பேர், மூன்றாவது மாதம் ஒரு லட்சம் பேர். பட்டியலை எழுதியவர் முதல் நாளை நினைத்து எழுதுகிறார், நீங்கள் மூன்றாவது மாதத்தை நினைத்து வாங்க வேண்டும். ஆகவே குறைந்தபட்சப் பட்டியலை மூடிவிட்டுப் 'பரிந்துரை' பட்டியலைத்தான் உங்கள் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2-இல் இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். குறைந்தபட்சம் ரைசன் 5 2600எக்ஸ், 8 ஜிபி ரேம் என்ற நினைவகம். பரிந்துரை ரைசன் 7 5800எக்ஸ் அல்லது இன்டெல் ஐ5-12600கே, 16 ஜிபி ரேம், திரையில் படம் வரைய ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு. செயலியில் இரண்டு தலைமுறை வித்தியாசம், கார்டில் ஒரு மாதச் சம்பளம் வித்தியாசம்.

மைக்ரோசாஃப்ட் விமான சிமுலேட்டரும் ஒரு பாடம். 2020-இல் வந்ததற்குக் குறைந்தபட்சம் ரைசன் 3 1200 அல்லது ஐ5-4460 போதும் என்றார்கள், இரண்டும் நான்கு கோர். ரேம் 8 ஜிபி. 2024 நவம்பரில் வந்த அடுத்ததற்கு ரைசன் 5 2600எக்ஸ் அல்லது ஐ7-6800கே, இரண்டுமே ஆறு கோர், 12 இழை. ரேம் 16 ஜிபி, பரிந்துரையில் 32. சேமிப்பிடம் மட்டும் 150 ஜிபியிலிருந்து 50-க்கு இறங்கியது, மலைகளையும் ஊர்களையும் இணையத்திலிருந்து அப்போதைக்கப்போது இறக்கிக்கொள்வதால். அதனால் பட்டியலில் கேட்கும் இணைய வேகமும் கூடிவிட்டது: குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50. வீட்டில் மூன்று பேர் தொடர் பார்த்துக்கொண்டிருக்கும் இரவு எட்டு மணிக்கு ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் களிமண் உருண்டைபோலத் தெரிந்தால் செயலியைக் குறை சொல்லாதீர்கள்.

பெயரில் இருக்கும் எண்களைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். ஐ7 என்றால் உயர்ந்தது, ஐ3 என்றால் தாழ்ந்தது என்று நினைப்பது பழைய பழக்கம். ஐ7-7500யு என்ற மடிக்கணினிச் சிப்பில் இரண்டே கோர்கள். 2022-இல் வந்த ஐ3-12100-இல் நான்கு. ஐ-க்குப் பக்கத்து எண்ணைவிடக் கோட்டுக்குப் பின்னால் வரும் தலைமுறை எண் முக்கியம். கடைசி எழுத்தும் பேசும். யு என்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் மடிக்கணினிச் சிப். எஃப் என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ஐ5-12600கே பத்து கோர் என்று சொல்வார்கள். அதில் ஆறுதான் முழுப் பலம் உள்ளவை, நான்கு சில்லறை வேலைக்கான சிறிய கோர்கள். வீட்டில் பத்துப் பேர் என்று கணக்குச் சொல்லி அதில் நான்கு பிள்ளைகளையும் சேர்த்தது போல.

கையில் இருப்பதை அளந்து பாருங்கள்

புதிதாக வாங்குவதற்கு முன், இருக்கும் கணினியில் எது தடுக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு, அதாவது செயலி வரைபடத்தின்மேல் வலது கிளிக் செய்து, இழைகளைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள்.

தம்பி மகனின் கணினியில் மொத்தப் பயன்பாடு 14 விழுக்காடுதான் காட்டியது. "பாருங்கள் அத்தை, செயலி சும்மாதான் இருக்கிறது, கார்டுதான் சரியில்லை" என்றான். அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். 28 இழைகளில் ஒன்று முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது மூன்றரை விழுக்காடுதான். தனித்தனி கட்டங்களைப் பார்த்தபோது இரண்டு மூன்று கட்டங்கள் மலைபோல ஏறியிருந்தன, மற்றவை தரையோடு கிடந்தன. இதிலும் ஒரு கண்கட்டு உண்டு. விண்டோஸ் ஒரே வேலையைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் எந்தக் கட்டமும் நூறைத் தொடாமலே முதன்மை இழை திணறிக்கொண்டிருக்கலாம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. விளையாட்டில் திரைத் தெளிவைப் பாதியாகக் குறையுங்கள், நிழல், புல் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். படம் அசிங்கமாகும், பரவாயில்லை. பிரேம் எண்ணிக்கை சட்டென்று ஏறினால் தடுத்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறவே இல்லை என்றால் தடுப்பது செயலி அல்லது ரேம். நாங்கள் குறைத்துப் பார்த்தோம். 20 இருந்தது 22 ஆனது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இன்னொரு நேர்வழியும் உண்டு. அமைப்புகளில் டெவலப்பர் முறையை இயக்கி, மேலே வரும் பட்டியலில் பிரேம் காட்டியைத் திறந்தால், எது தடுக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். எங்களுக்குச் சிவப்பில் முதன்மை இழை என்று வந்தது. அதற்குமேல் அவன் வாதாடவில்லை.

சோதனையை எங்கே செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். நடுக்கடலுக்கு மேலே 30,000 அடியில் எந்தக் கணினியும் நன்றாக ஓடும். பெரிய விமான நிலையத்தில், மேகம் திரண்ட நேரத்தில் பாருங்கள். நகர விளையாட்டு என்றால் வெற்று நிலத்தில் பார்க்காதீர்கள், உங்களிடம் உள்ள ஆகப் பெரிய நகரத்தைத் திறந்து மூன்றாம் வேகத்தில் ஓட்டுங்கள். முதல் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்றால் மற்றவர்கள் கட்டிய பெரிய நகரங்களை, ஸ்டீம் என்ற விளையாட்டு விற்கும் தளத்தின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புதிய விளையாட்டை வாங்கிச் சோதிக்க ஸ்டீமில் சலுகை இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைப் பயிற்சிப் பாடத்தில் வீணாக்காமல் நேராகச் சுமை மிகுந்த இடத்துக்குப் போங்கள்.

நாங்கள் மாற்றியது

அடுத்த வாரம் ஜார்ஜ் டவுனில் கொம்தார் கட்டடத்துப் பக்கம் ஒரு கடையில் ஐ5-12400எஃப் வாங்கினோம். ஆறு கோர், 12 இழை, ஆறும் முழுப் பலம் உள்ளவை, 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். தாய்ப்பலகை, ரேம் சேர்த்து ஏறக்குறைய 1,050 வெள்ளி. கார்டு அதே பழைய ஆர்டிஎக்ஸ் 2060. அதே மாலை, அதே 04-ஆம் ஓடுபாதை, அதே அமைப்புகள். 41 பிரேம். சக்கரம் தரையைத் தொட்டு ஒருமுறை துள்ளியதைக்கூடப் பார்க்க முடிந்தது. துள்ளியது என் தவறு.

ஜியானைத் தூக்கிப் போடவில்லை. அவன் தங்கை சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 பைத்தியம். அவள் அறைக்கு அது போனது. 80,000 பேர் வாழும் அவள் நகரத்தைத் திறந்து டாஸ்க் மேனேஜரைப் பார்த்தபோது 28 கட்டங்களும் எழுந்து நின்றன. நேற்று வரை தூங்கிய அதே சிப்! நகரம் தடையில்லாமல் ஓடுகிறது. கட்டடங்களின் அழகு மட்டும் கார்டைப் பொறுத்தது, அதற்கு அவள் இன்னும் பணம் சேர்க்கிறாள். ஒன்றை எச்சரிக்க வேண்டும்: இந்த வயதுள்ள செயலிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையும் தொடக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழையது வாங்குபவர்கள் விலையில் இதையும் கழித்துப் பேச வேண்டும்.

ரேம் பற்றிச் சுருக்கமாக. 16 ஜிபி வேண்டுமானால் ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். இரண்டு வழியாகத் தரவு வரும்போது அகலம் இரட்டிப்பு. பலகையில் நான்கு துளைகள் இருந்தால் பெரும்பாலும் செயலியிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்பதை இயக்குங்கள். எங்கள் கடைக்காரர் இயக்காமலே கொடுத்துவிட்டார். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப் புடவையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வந்தது மாதிரி. சேமிப்புக்குச் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வாங்குங்கள், இன்றைக்கு அதில் விவாதம் கிடையாது.

கடையில் நிற்கும்போது இரண்டு காரியம். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து செயலியின் முழுப் பெயரைப் படியுங்கள். பிறகு ஏதாவது கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, அதே பக்கத்தில் கிகாஹெர்ட்ஸ் எண் இறங்குகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடச் சோதனையில் எல்லாக் கணினியும் நல்ல பிள்ளைதான். சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். முகம் சுளிக்காத கடை அடுத்த வரிசையில் இருக்கும்.

சூடும் சாம்பிராணியும்

அந்த அரை மணி நேரம் ஏன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஏமாந்தேன். நம் ஊரில் பகலில் 31, 32 டிகிரி சாதாரணம். கணினிக்குள் காற்றாடி எவ்வளவு சுழன்றாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவர முடியாது. செயலி சூட்டின் எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் மடிக்கணினிச் சிப்புகள் பலவற்றில் அந்த எல்லை 100 டிகிரி. அப்போது நீங்கள் காசு கொடுத்த 4.4 கிகாஹெர்ட்ஸ் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

என் கணினி முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடும். சரியாகத் தரையிறங்கும் நேரத்தில் விக்கும். சிமுலேட்டரின் பிழை என்றுதான் மூன்று மாதம் நினைத்தேன். ஒரு நாள் வேகத்தைக் கவனித்தேன். தொடக்கத்தில் 4.0, நாற்பது நிமிடத்தில் 2.9. பக்கப் பலகையைக் கழற்றினேன். காற்றாடியை எடுத்ததும் கீழே அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம். நகத்தால் நெம்பினால் முழுத்துண்டாக வந்தது. விரலில் ஒட்டியது, பிசுபிசுப்பு. முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி.

கணினி மேசை சாமி மேடைக்கு அருகே இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போடும் புகையும் அன்றாட ஊதுபத்திப் புகையும் எண்ணெய்ப் பசையாகத் தகட்டில் படிந்து, அதன்மேல் தூசு ஒட்டி, மூன்று ஆண்டில் போர்வை நெய்திருக்கிறது. லைனில் தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை போட்டுக்கொண்டு தூசுக்குப் பயந்து வாழ்ந்தவள் வீட்டில் இப்படி. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, காற்றாடி இறக்கைகள் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த பெயின்ட் தூரிகையால் தட்டினேன். பிசுக்கு உள்ள இடத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு. செயலியின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பழைய வெப்பப் பசை காய்ந்து வெடித்திருந்தது. துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பசை வைத்து மூடினேன். அன்று மாலை ஒரு மணி நேரம் பறந்த பிறகும் 3.9-க்குக் கீழே இறங்கவில்லை.

சாமி மேடையை நகர்த்த முடியாது. மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டேன், பெட்டியின் பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அமாவாசைக்கு அமாவாசை பெட்டியின் தூசு வடிகட்டியைக் கழற்றித் தட்டுகிறேன். வீட்டைத் துடைக்கும் நாள் என்பதால் மறப்பதில்லை.